வளரும் பிள்ளைக்கு வெட்டிய சவள்

மாப்ள,

இன்று சாயங்காலம் உன்னை அச்சடித்தோம். ஆறடிக்கு நாலடி. உயிரோடு இருந்தபோது உன்னை எந்தப் பக்கமாக அளந்தாலும் ஆறடி வந்திருக்காது. மெஷினிலிருந்து முதலில் உன் முடி வந்தது. ஹால் டிக்கெட் போட்டோவுக்கு வாரினது மாதிரி எண்ணெய் வழிய வாரிவிட்ட முடி. அப்புறம் நெற்றி. அப்புறம் போட்டோ எடுக்கிறவனைச் சந்தேகமாகப் பார்க்கும் அந்தக் கண். ஃப்ளெக்ஸ் மையின் நெடி உனக்குத் தெரியும், மண்ணெண்ணெயில் புதுச் செருப்பை ஊறவைத்தது மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்து இரண்டு முறை சோப்பு போட்டும் போகவில்லை. அந்தக் கையோடுதான் இதை எழுதுகிறேன்.

மேலே 'முதலாம் ஆண்டு நினைவஞ்சலி.' அதன் கீழே உன் பெயர். உன் பெயருக்குக் கீழே என்ன போடுவது, உன் கையில் எதைக் கொடுப்பது என்பதில்தான் இந்த வாரம் பெரிய பஞ்சாயத்து. உங்கப்பா ஈட்டி கேட்டார்.

சிரிக்காதே. முழுசாகக் கேள்.

நான் இப்போது ஸ்கூல் விட்டதும் நேராகத் திருக்காட்டுப்பள்ளிக்குப் போய்விடுகிறேன், சித்தப்பாவின் ஃப்ளெக்ஸ் கடைக்கு. டிசைன் என் பொறுப்பு. பூப்புனித நீராட்டு விழா, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில். பேனரை மாட்ட மரச்சட்டம் வேண்டுமே, அதற்கான ரீப்பர் அறுக்கிறதும் நான்தான். கடை வாசலில் ரம்பத்தோடு என்னைப் பார்த்தால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். ஒரு கோட்டை நேராகப் போடத் தெரியாதவன் என்று கணக்கு சார் என்னைப் பற்றிச் சொன்னதை நீதானே ஊர் முழுக்கப் பரப்பினாய்.

போன திங்கள்கிழமை உங்கப்பா தன் குட்டியானை லோடு வண்டியைக் கடை வாசலில் நிறுத்தினார். லோடு எதுவும் இல்லை. பின்னால் தார்ப்பாயில் சுற்றி ஒன்றே ஒன்று கிடந்தது. நீளத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"தம்பி, பேனர் போடணும்" என்றார்.

"போட்டுடலாம்பா. உங்க புள்ளைக்குப் போடாம யாருக்குப் போடப்போறேன்?"

"அவன் கையில துடுப்பு இருக்கிற போட்டோ ஒண்ணு உன்கிட்ட இருக்குமே."

"இருக்குப்பா."

"துடுப்பை எடுத்துட்டு ஈட்டி வச்சுடு. ஈட்டிப்படை வழிவந்த வீரமகன்னு கீழ போடு."

நான் கேலி என்று நினைத்தேன். அவர் முகத்தில் கேலி இல்லை.

போன வருஷம் நடந்ததை எல்லாம் உனக்கே திரும்பச் சொல்வது கொழுப்புதான். ஆனாலும் நான் அதை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால்தான் உங்கப்பா ஏன் அப்படிக் கேட்டார் என்பது எனக்கே பிடிபடுகிறது.

தமிழ் ஐயா இலக்கிய மன்றத்துக்கு 'எங்கள் தெருவின் பெயர்' என்று தலைப்பு கொடுத்தாரே, அதில்தான் ஆரம்பம். என் பேச்சு ஒரே மூச்சில் முடிந்தது. "எங்கள் தெருவில் மாதா கோயில் இருக்கிறது. அதனால் அது மாதா கோயில் தெரு. நன்றி, வணக்கம்." ஐயா என்னைப் பார்த்த பார்வையில் அடுத்த வருஷ மார்க்கும் போயிற்று. உன் பாடுதான் திண்டாட்டம். சவளக்காரத் தெரு. பிறந்ததிலிருந்து ஆதார் அட்டை வரைக்கும் எழுதுகிற பெயர், ஆனால் அர்த்தம் தெரியாது. உங்கப்பாவிடம் கேட்டாய்.

"நம்ம ஆளுங்க பேருடா அது. பேருக்கு என்ன அர்த்தம்? உன் பேருக்கு அர்த்தம் தெரிஞ்சா வச்சோம்?"

தெரு சங்கத்துப் பெரியவரிடம் போனாய். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "சவளம்னா ஈட்டிடா தம்பி. ராஜா காலத்துல ஈட்டிப்படையே நாமதான்" என்றார். உனக்கு அது பிடித்திருக்க வேண்டும். எனக்கென்றால் அங்கேயே மீசை முளைத்திருக்கும். நீ என்னடா என்றால் தலையைச் சொறிந்துகொண்டே வந்தாய்.

அப்புறம் ஸ்கூல் லைப்ரரியில் அந்த அகராதி. அதைத் தூக்கவே ஒரு ஈட்டிப்படை வேண்டும். ச வரிசைக்கு வருவதற்குள் நான் இரண்டு முறை தூங்கி எழுந்தேன். பெரியவர் சொன்னது அதில் இருந்தது: சவளம் என்றால் ஈட்டி. அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் இருந்தது: சவள் என்றால் துடுப்பு. அதே பக்கத்தில் மூன்றாவதாக ஒரு வினைச்சொல்: சவளுதல் என்றால் துவளுதல், வளைதல்.

நீ விரலை அந்த வினைச்சொல்லில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாய். "மாப்ள, நீளமான கழிதான் முதல்ல இருந்திருக்கும். பிடிச்சா வளையும், ஒடியாது. ஒருத்தன் அதுக்கு முனை வச்சான், ஈட்டி. ஒருத்தன் அதுக்குப் பலகை வச்சான், துடுப்பு."

"இதுவும் அகராதியில இருக்கா?"

"இல்ல. என் ஊகம்."

"அப்ப நாம எந்தக் கழி?"

"நாமன்னு ஏன்டா சொல்ற? நீ மாதா கோயில் தெரு. மெழுகுவத்தி."

எது சரி என்று முடிவு செய்ய நீ கண்டுபிடித்த வழி இருக்கிறதே, அதை இன்னும் நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். பால்காரர் வீட்டில் பால் இருக்கும், பூக்காரர் வீட்டில் பூ இருக்கும், சவளக்காரர் வீட்டில் சவள் இருக்கணும் என்று சொல்லி உங்கள் தெருவில் வீடு வீடாக ஏறினாய். நான் பின்னாலேயே முறுக்கு வாங்கித் தின்றுகொண்டு வந்தேன். ஒரு வீட்டில் துடுப்பு அவரைக்கொடிக்கு முட்டுக்கொடுத்து நின்றது. இன்னொரு வீட்டில் கதவுக்குத் தாழ்ப்பாள். இன்னொன்றில் கொசுவலை கட்டும் கம்பு. ஓட்டுக்கு அடியில், மாட்டுக் கொட்டகையில், கட்டிலுக்குக் கீழே எல்லா இடத்திலும் துடுப்பு. ஈட்டி எங்குமே இல்லை.

இதைக் கேட்டு அன்றைக்கு அதிகம் சிரித்தவர் உங்கப்பாதான். "ஈட்டியாம்! நாம யாரைக் குத்தினோம்? கெளுத்தி மீனுதான் நம்மளைக் குத்தியிருக்கு" என்று உள்ளங்கைத் தழும்பைக் காட்டினார். அந்த மனுஷன்தான் மாப்ள, இப்போது ஈட்டி கேட்கிறார்.

மன்றத்தில் நீ பேசும்போது கடைசி பெஞ்சிலிருந்து "மீனு, மீனு" என்று குரல் வந்தது. உன் காது சிவந்தது. ஆனால் நிறுத்தவில்லை. கொள்ளிடத்துக்குப் பாலம் வருவதற்கு முன்னால் அக்கரைக்குப் பொண்ணு பார்க்கப் போனவர்களையும், நெல் மூட்டையையும், பிரசவ வலி வந்தவர்களையும் இறக்கிவிட்ட ஆட்கள் என்றாய். "பாலம் வந்துடுச்சு. எல்லாரும் அக்கரைக்குப் போயிட்டாங்க. எங்க பேரு மட்டும் இக்கரையிலேயே நின்னுடுச்சு" என்று முடித்தாய். நான் விசிலடித்தேன். ஐயா என் காதைத் திருகிக்கொண்டே உனக்குக் கை தட்டினார். இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படிச் செய்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அன்றிலிருந்துதான் உன் துடுப்பை நீ 'சவள்' என்று கூப்பிட ஆரம்பித்தாய். உங்கம்மாகூடக் கேலி செய்தார். "சோறு போட்டிருக்கேன், சவளை வச்சுட்டு வா, சாப்பிடு."

அந்தச் சவளை உங்கப்பா வெட்டியது பொங்கல் லீவில். நேர் பூவரசங்கிளை ஒன்று எங்கிருந்தோ கொண்டுவந்திருந்தார். சீவுகிறபோது எழுந்த வாசனையில் ஒரு இனிப்பு இருந்தது. உன்னை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, கிளையைப் பக்கத்தில் நட்டுப் பிடித்தார். துடுப்பு ஆளுக்கு அளந்து வெட்டுவது. நட்டு வைத்தால் அவரவர் புருவத்துக்கு வர வேண்டும். அதற்கு ஒரு வாசகம் வைத்திருந்தார்: "புருவத்துக்குக் கீழ போனா நீ தண்ணியைப் பிடிக்க முடியாது. மேல போனா தண்ணி உன்னைப் பிடிக்கும்." சொல்லிவிட்டு, உன் புருவத்தில் வைத்த விரலை மெதுவாக மேலே நகர்த்தினார். நெற்றி தாண்டி, உச்சந்தலைக்கு நேராக வந்து நின்று அங்கே கரியால் கோடு போட்டார்.

"அப்பா, பெருசா இருக்கு."

"வளர்ற புள்ளடா. பேன்ட்டையே உள்ள மடிச்சு நீளமா தைக்கிறோம். பூவரசை மடிச்சா தைக்க முடியும்? வளந்து வந்து பிடிச்சுக்க."

நானும் சும்மா இருந்தேனா? பக்கத்தில் போய் நின்று, "எனக்கும் அதே அளவுதாம்பா, ஒண்ணு வெட்டுங்க" என்றேன். அசெம்பிளி வரிசையில் உயரப்படி நிறுத்தினால் நீயும் நானும்தானே முன்னால். எவன் முதல், எவன் இரண்டாவது என்று பி.டி. சாருக்கே தினமும் சந்தேகம் வரும். உங்கப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "உனக்கு எதுக்கு? நீ வாயாலேயே கரை சேந்துடுவே."

உன் பிறந்தநாளுக்கு நான் அடித்த பேனர் ஞாபகம் இருக்கிறதா? கடையில் மிச்சமான வெட்டுத்துண்டில். நீ அந்த உயரத் துடுப்பைப் பிடித்து விறைப்பாக நிற்கிற போட்டோ. கீழே 'கெளுத்தி கொண்டான், கொள்ளிடச் சிங்கம், வருங்காலக் கப்பற்படைத் தளபதி.' பஸ் ஸ்டாப் வேப்பமரத்தில் கட்டிவிட்டு நான் கமுக்கமாக இருந்தேன். அதைப் பார்த்த பஸ் கண்டக்டர் உன்னிடம் டிக்கெட் கேட்கவில்லை, சல்யூட் வைத்தார். நீ மூன்று தெரு என்னைத் துரத்தினாய். பிடித்தபின் அடிக்கவில்லை. "டேய், அந்த போட்டோவை அழிச்சுடாதடா. நல்லா இருக்கேன்ல?" என்றாய்.

அழிக்கவில்லை. உங்கப்பா கேட்டது அந்தப் போட்டோவைத்தான்.

ஆற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்திருக்கிறது, கரையோர மக்கள் பாதுகாப்பாக இருக்கவும் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். ஆற்றுக்கு நடுவில் நாணல் திட்டில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. உங்கள் தெரு ஆடும் எங்கள் தெரு ஆடும் கலந்து. உங்கப்பா அரியலூருக்கு லோடு ஏற்றிப் போயிருந்தார். நீ உங்கள் வீட்டுத் தோணியை அவிழ்த்தாய். நான் ஏறி முன்னால் உட்கார்ந்தேன். முன்னால் இருப்பவன் இழுக்கணும், பின்னால் இருப்பவன் திருப்பணும், அதுதான் உங்கள் முறை. தோணியில் தனியாகப் போவது கிடையாது. நான் இழுத்தது பேருக்குத்தான். அப்போது தண்ணீர் முழங்காலைவிடக் கொஞ்சம் அதிகம். முதல் நடையில் பாதி ஆடுகளைக் கொண்டுவந்து கரையில் இறக்கினோம். அதற்குள் தண்ணீரின் நிறம் மாறிவிட்டது. டீ மாதிரி.

நான் திரும்பவும் ஏறப் போனேன். நீ துடுப்பால் என் வயிற்றைத் தள்ளினாய். "நீ இறங்கு. உன்னை இறக்கினா ரெண்டு ஆடு ஏறும். உனக்குச் சந்தையில விலை கிடையாதுடா."

"தனியாப் போவியா?"

"இதோ இருக்கிற திட்டுதானே. ஆட்டைப் பிடி, அது பாரு ஓடுது."

அதுதான் கடைசியாக நீ என்னிடம் சொன்னது. ஆட்டைப் பிடி. வேறு ஏதாவது நல்லதாகச் சொல்லியிருக்கலாம். பேனரில் போட உதவியிருக்கும்.

மணல் அள்ளிய பள்ளம் ஒன்று திட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கோடையில் அதில் இறங்கி நின்றால் நம் தலை வெளியே தெரியாது. தண்ணீர் வந்ததும் அது எங்கே என்று ஆற்றின் மேல் எழுதியா இருக்கும்? தோணி அங்கே சுழன்றது. அப்புறம் கவிழ்ந்து கிடந்தது. நான் கத்தினேன், கரையிலிருந்த எல்லாரும் ஓடிவந்தார்கள், ஆடுகளும் கத்தின. முதலில் துடுப்பு கிடைத்தது. நீ அடுத்த நாள் கீழே ஒரு நாணல் புதரில் கிடைத்தாய்.

திட்டு முழுகவே இல்லை மாப்ள. மீதி ஆடுகள் மேட்டில் நின்றுகொண்டிருந்தன. தண்ணீர் வடிந்ததும் தாமாகவே வீட்டுக்கு நடந்து வந்தன.

அதற்கப்புறம் டீக்கடையில் ஒரு பேச்சு கிளம்பியது. யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. "துடுப்பு போடுறவங்க தெருன்னு ஸ்கூல்ல பேசினானாமே, அந்தப் பையனா தண்ணியில போயிட்டான்?" உங்கப்பா உள்ளே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். அன்றிலிருந்து அந்தக் கடைக்குப் போவதில்லை. தோணியையும் விற்றுவிட்டார்.

திங்கள்கிழமை அவர் தார்ப்பாயைப் பிரித்தபோது துடுப்பில் இன்னும் சேறு காய்ந்திருந்தது. ஒரு வருஷமாக யாரும் துடைக்கவில்லை.

"தம்பி, துடுப்புன்னு எவனும் சொல்லக்கூடாது. துடுப்புக்காரன் வீட்டுப் புள்ள தண்ணியில போவானா? நாம துடுப்புக்காரன் இல்ல, ஈட்டிக்காரன். சங்கத்துல அப்பவே சொன்னாங்க, நாந்தான் சிரிச்சேன்." பலகையைக் கையால் அளந்து காட்டினார். "இங்க அறுத்து எடுத்துடு. கழிக்கு முனை வைக்கப் பட்டறையில சொல்லியிருக்கேன். தெருமுனையில பேனர் பக்கத்துல நட்டுடுவோம்."

"நானா அறுக்கணும்?"

"என் கையால முடியல. நீ அவன் கூட்டாளி. நீயே அறு."

சித்தப்பா உள்ளேயிருந்து, "டேய், சொன்னதைச் செய்யி" என்றார். "ரம்பம் மொட்டையா இருக்குப்பா, நாளைக்கு வாங்க" என்றேன். ரம்பம் பக்கத்திலேயே பளபளவென்று கிடந்தது. அவர் அதை எடுத்து என் கையில் வைத்தார்.

நான் சொன்ன நொண்டிச் சாக்கெல்லாம் தீர்ந்துபோனபின், கோடு போடுவதற்காகத் துடுப்பைத் தரையில் நட்டு நிறுத்தினேன். நிறுத்திவிட்டுப் பழக்கத்தில் பக்கத்தில் நின்றேன். அவ்வளவுதான் செய்தேன். உங்கப்பா என்னையே பார்த்தார்.

"நிமிந்து நில்லு."

நின்றேன். அருகில் வந்து, துடுப்பின் மேல் நுனியில் விரல் வைத்து, அதை அப்படியே என் நெற்றிக்குக் கொண்டுவந்தார். உச்சந்தலைக்கு இருந்தது நெற்றி நடுவுக்கு இறங்கியிருந்தது.

"நீயும் அவனும் ஒரே உசரம்தானே?"

"ஆமாப்பா. அசெம்பிளியில பக்கத்துப் பக்கத்துலதான்."

"அப்ப அவன் இவ்வளவு வந்திருப்பான்."

ரீப்பர் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். சித்தப்பா மெஷினை நிறுத்தினார். நிறுத்தியிருக்க வேண்டாம். உங்கப்பா அழுதது ரோடு வரைக்கும் கேட்டது. அப்புறம் சொன்னார். இந்த ஒரு வருஷம் உங்கம்மாவிடம்கூடச் சொல்லாததை, ரம்பத்தைக் கையில் வைத்திருந்த என்னிடம் சொன்னார்.

"நீளம் தம்பி. நாந்தான் நீளமா விட்டேன். மேல போனா தண்ணி பிடிக்கும்னு என் வாயால சொல்லிட்டு, நானே மேல விட்டேன். வளருவான்னு நெனச்சேன். தனியாளா, அவ்வளவு நீளத்தை, அந்தத் தண்ணியில எப்படித் திருப்புவான்? புள்ள கையில நானே எடுத்துக் கொடுத்தேன்."

அப்போதுதான் புரிந்தது. ஈட்டி அவருக்கு மீசை முறுக்குவதற்காக வேண்டியிருக்கவில்லை. அந்தத் தெருவுக்குத் துடுப்பே இல்லை என்றாகிவிட்டால், அவர் துடுப்பு வெட்டவும் இல்லை, உன்னிடம் கொடுக்கவும் இல்லை.

நான் ரம்பத்தைக் கீழே வைத்தேன். "இல்லப்பா. அவன் தாழ இறக்கிப் பிடிச்சிருந்தான். மேல் நுனி தோளுக்கு மேல நீட்டிக்கிட்டு இருந்துச்சு. நல்லாத்தான் போட்டான். பள்ளத்துச் சுழிதான் தோணியைத் திருப்புச்சு. குட்டைத் துடுப்பா இருந்தாலும் அதேதான்."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"கண்ணால?"

"கண்ணாலதாம்பா."

நான் எவ்வளவு புளுகுவேன் என்று அவருக்குத் தெரியும். சாமி கண்ணைக் குத்தும் என்று எத்தனை முறை திட்டியிருக்கிறார். அன்றைக்குத் திட்டவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

உன்னிடம் மறைக்க முடியாது. நீ தாழ இறக்கிப் பிடித்தது நிஜம். நுனி தோளுக்கு மேல் நீட்டிக்கொண்டு நின்றது நிஜம், உன் தலைக்குப் பின்னால் கொடிக்கம்பம் மாதிரி. பாதி ஆறு வரைக்கும் நீ பிசகாமல்தான் போனாய். அதுவரை பார்த்தேன். அப்புறம் ஆட்டுக் கயிறு கையிலிருந்து உருவிக்கொண்டது. நீ சொன்னாயே, ஆட்டைப் பிடி என்று. நான் திரும்பிப் பிடித்தேன். மறுபடி ஆற்றைப் பார்த்தபோது தோணி சுழன்றுகொண்டிருந்தது. நடுவில் ஒரு ஆட்டைப் பிடிக்கிற நேரம் போயிருக்கிறது. அந்த நேரத்தில் துடுப்பு உன் பேச்சைக் கேட்டதா, தண்ணீரின் பேச்சைக் கேட்டதா? உங்கப்பாவிடம் நான் சொன்னது நிஜமா, புளுகா? எத்தனையோ புளுகியிருக்கிறேன், எல்லாம் புளுகு என்று எனக்குத் தெரிந்தே. தெரியாமல் நிற்பது இது ஒன்றில்தான். நீ ஒருவன்தான் சொல்ல முடியும். நீயோ பேனரில் வாயை மூடிக்கொண்டு நிற்கிறாய்.

"ஈட்டி வேணாம்" என்றார் உங்கப்பா, வண்டியில் ஏறப் போகும்போது. "துடுப்பும் வேணாம். எனக்குப் பாக்க முடியாது. கையைச் சும்மா விட்டுடு."

"கீழ என்னப்பா போடறது?"

"பேரு. தெருப் பேரு. போதும்."

அப்படியே செய்தேன். போட்டோவில் துடுப்பை மட்டும் அழித்தேன். கம்ப்யூட்டரில் ஒரு கழியை அழிப்பது பெரிய வேலையில்லை, பின்னாலிருக்கும் வானத்தை இழுத்து மூடினால் போயிற்று. ஆனால் உன் விரல்கள் மடங்கியே இருந்தன. அவற்றைத் திறக்க எனக்குத் தெரியவில்லை. இன்று மெஷினிலிருந்து கை வந்தபோது பார்த்தேன். எதையோ கெட்டியாகப் பிடித்திருக்கிறாய், உள்ளே வானம்தான் இருக்கிறது. சங்கத்துப் பெரியவர் கடைக்கு வந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, ஈட்டியைக் காணோம்?" என்றார். உங்கப்பா பேனரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "சவளக்காரத் தெருன்னு போட்டிருக்குல்ல பெரியப்பா. தெரிஞ்சவன் தெரிஞ்சபடி படிச்சுக்கட்டும்."

துடுப்பை அவர் திரும்ப ஏற்றவில்லை. திங்கள்கிழமை வண்டியைக் கிளப்பிவிட்டு, ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். "உனக்கு ரெண்டு விரக்கடைதான் பாக்கி. உன்கிட்டேயே இருக்கட்டும். வளந்து பிடிச்சுக்க."

சேற்றைத் துடைத்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். எங்கம்மாவுக்கு அதைப் பார்த்தாலே பயம். "ஆத்துல போன புள்ளையோடதை வீட்டுக்குள்ள கொண்டாந்திருக்கியேடா" என்று சிலுவை போட்டுக்கொண்டார். அப்புறம் தானே மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒரு மூலையை ஒழித்துக் கொடுத்தார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் பூவரசு கொஞ்சம் சிவந்து தெரிகிறது. பார், உன் சவள் மெழுகுவத்தித் தெருவுக்குக் குடிவந்துவிட்டது.

இந்த வருஷமும் தண்ணீர் திறக்கப்போகிறார்கள். நேற்று மைக் ஆட்டோ போனது. நான் கரைக்குப் போகவில்லை. போன வருஷத்திலிருந்தே முழங்காலுக்கு மேல் எந்தத் தண்ணீரிலும் இறங்கவில்லை. எனக்குத் துடுப்பு போடத் தெரியாது என்பது உனக்கும் உங்கப்பாவுக்கும் தெரியும். இருந்தும் அவர் வளந்து பிடிச்சுக்க என்கிறார். உன்னிடம் சொன்ன அதே வார்த்தை. அதைச் சொல்ல அவருக்கு வாய் வந்ததே, அதற்காகவாவது அந்த இரண்டு விரக்கடையை நான் வளரத்தான் வேண்டும். ஒருநாள் என் புருவத்துக்கு அது சரியாக வரும். அன்றைக்கு உன்னைவிட உயரமாக நிற்பேன், நீ மட்டும் அசெம்பிளியில் முதல் ஆளாகவே நின்றுகொண்டிருப்பாய்.

அந்த நாள் வருவது எனக்குப் பிடிக்கவில்லை. காலையில் ஸ்கூலுக்குக் கிளம்பும் முன் அதன் பக்கத்தில் போய் நிற்கிறேன். அம்மா பார்க்காதபோது முட்டியைக் கொஞ்சம் மடக்கிக்கொள்கிறேன். மடக்கினால் நுனி மறுபடி உச்சந்தலைக்கு வந்துவிடுகிறது.